வைன் ஊற்றுகிறவளின் தம்பி

ஜூன் 3

தம்பிக்கு,

உனக்கு அக்கா என்று ஒருத்தி கிடையாது என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டாய்.

மறுத்து எழுதாதே. யார் சொன்னது என்று துருவவும் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஹோட்டலுக்கும் எங்கள் ஹோட்டலுக்கும் ஐஸ்கிரீம் கொண்டுவந்து போடுகிறாரே, எல்லாரும் ஐஸ்பெட்டி என்று கூப்பிடுவோமே, அவர்தான். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் பின்வாசலில் பெட்டிகளை இறக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசினார்.

"அந்த ஊர்ப் பெரிய ஹோட்டல்ல சாக்லேட் ஐட்டம் எல்லாம் போடுறாரே ஒரு தம்பி, அவருக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கும்மா. தலைமையாசிரியர் வீட்டுப் பொண்ணு. பையன் தங்கம். என்ன ஒண்ணு, அப்பா அம்மா இல்ல, கூடப் பிறந்ததும் யாரும் இல்ல. தனிக்கட்டை. தானே போய்ப் பொண்ணு கேட்டிருக்கான்னா பாருங்களேன்."

"ஐயோ பாவம்" என்றேன். வேறு என்ன சொல்ல? பெட்டிகளை வாங்கிக் குளிர் அறைக்குள் அடுக்கிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு குளிர் தாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அழுதேன் என்று நினைத்துப் பெருமைப்படாதே.

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் உன் சமையலறை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

காரணம் எனக்குத் தெரியும். மேசை மேசையாகப் போய் வைன் ஊற்றுகிற வேலை எனக்கு. எந்தச் சாப்பாட்டுக்கு எது சேரும் என்று கேட்டவர்களுக்குச் சொல்வேன், புட்டியைத் திறப்பேன், ஊற்றுவேன். அப்பா உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லித்தான் என்னை வீட்டுப் படியேற விடவில்லை. அப்போது நீதான் வாசலுக்கு வந்து, "விடுக்கா, அவர் அப்படித்தான்" என்றாய். இப்போது நீ அவரையே தாண்டிவிட்டாய். அவர் என்னைத் திட்டினார். திட்டுவதற்காவது நான் இருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். உன் கேக்கில் நீ ஊற்றுகிற ரம் என்ன, இருமல் மருந்தா? குடிக்கிறவர்களுக்கு மரியாதை இருக்கிறது. அவர்கள் காரில் வருகிறார்கள். விற்கிற முதலாளிக்கு மரியாதை இருக்கிறது. அவர் பள்ளிக்கூட விழாவில் பரிசு கொடுக்கிறார். கண்ணாடிக் கோப்பையைத் துடைத்து வைத்து, விரிப்பில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுகிறவள் மட்டும்தான் எல்லாருக்கும் மட்டமாகப் போய்விட்டாள். ஊற்றும்போது மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறவன் கூட வீட்டுக்குப் போனால் பெரிய மனிதன்.

வேலையைச் சொன்னால் ஒருவரும் வீடு தரவில்லை. கடைசியில் இந்த வீட்டுக்காரம்மாவிடம், "ஹோட்டல்ல கணக்கு எழுதுறேன்" என்று சொல்லித்தான் இந்த அறையைப் பிடித்தேன். கீழே சலவைக்கடை. பகலெல்லாம் தேய்க்கிற சூடு தரை வழியாக ஏறிக் காலில் படும். குளிர்காலத்தில் சுகம். இப்போது பாதத்தைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.

நிச்சயத்துக்குக் கூப்பிடவில்லை, போகட்டும். நான் இருக்கிறேனா இல்லையா, அதை மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

உறையின் பின்னால் 'அனுப்புவது: அக்கா' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய். நல்லவேளை, கடிதத்தை வாங்கிய பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இனிமேல் அப்படி எழுதாதே. இங்கே சுவருக்கும் வாய் இருக்கிறது.

அக்கா, நான் இல்லை என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். பெண்ணின் அப்பா, "வேற யாரும் இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். அப்போது என் வாயில் காப்பி. கொதிக்கக் கொதிக்க. அதை விழுங்குவதற்குள் பெண்ணின் அம்மா, "அட, யாருமே இல்லையா? ஐயோ!" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் இரண்டு பலகாரத்தை வைத்துவிட்டார்கள். கண் கலங்கிவிட்டது அவர்களுக்கு. அதற்கு மேல் எப்படித் திருத்துவது? திருத்தியிருக்கலாம், தெரியும். அப்புறம் அடுத்த ஞாயிறு வந்தது, அதற்கடுத்த ஞாயிறு வந்தது. ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போகப் போக அது இன்னும் பெரிதாகிவிட்டது.

நீ திட்டு. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்காக ஒரு தட்டு வைத்துவிட்டு, நான் வரும்வரை யாரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கு அப்படி எப்போது நடந்தது? அந்தப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பக்கத்தில் வந்தால் டெட்டால் வாசனை அடிக்கும். நான் போனால் சாக்லேட் வாசனை அடிக்கிறதாம். "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா குழந்தைங்களுக்குக் குடுக்கிற மருந்து மாதிரி இருக்கும்" என்கிறாள். சிரிக்கத் தெரிந்த பெண் அக்கா.

அவள் அப்பா நல்லவர்தான். ஆனால் பேச்சுக்குப் பேச்சு ஒழுக்கம். பக்கத்து வீட்டில் ஒருவன் பீர் குடித்தான் என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அவரிடம் போய், என் அக்கா வைன் ஊற்றுகிறாள் என்று எப்படிச் சொல்வேன்? நீயும் வீட்டுக்காரம்மாவிடம் கணக்கு எழுதுகிறேன் என்றுதானே சொன்னாய்?

இன்னொரு விஷயம். கோபப்படாமல் படி.

எங்கள் பெரிய பேஸ்ட்ரிக்காரர் வேலையை விட்டுப் போகிறார். அந்த இடம் எனக்கு வரும்போல் இருக்கிறது. அதற்கு முன் முதலாளியம்மா ஒரு விருந்து வைக்கிறார்கள். சாப்பாடு கிடையாது. மூன்று சாக்லேட் இனிப்பு, ஒவ்வொன்றுக்கும் சேருகிற ஒரு வைன், அவ்வளவுதான். வைனையும் நானே தேர்ந்தெடுத்து, வருகிறவர்கள் முன்னால் நின்று விளக்கிச் சொல்ல வேண்டுமாம். எங்கள் பார்க்காரருக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை, சிவப்பு இரண்டுதான். நான் வாயில் வைத்ததே இல்லை என்று உனக்குத் தெரியும். இப்போது வைத்தாலும் ஆபத்து. மாமனார் காதுக்கு எல்லாம் போய்ச் சேரும்.

இனிப்புகள் இவை. ஒன்று, பால் சாக்லேட்டில் நுரை மாதிரி அடித்தது, லேசு. இரண்டு, வாதுமை, கருக்கின சர்க்கரை போட்ட கேக். மூன்று, நானே யோசித்துச் செய்த கறுப்பு டார்ட், மாவுக் கிண்ணத்தில் சாக்லேட் ஊற்றிச் சுட்டது. கடுங்கசப்பு, சர்க்கரை பேருக்குத்தான். அளவுகளைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்னை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்?

தம்பி


ஜூன் 26

டேய்,

வெட்கமே இல்லையா உனக்கு? இல்லாதவளிடம் யோசனை கேட்கிறாய்.

கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். அதற்குள் உன் டார்ட்டின் அளவுகள் கண்ணில் பட்டுவிட்டன. இவ்வளவு கசப்புக்கு எதைக் கொடுப்பது என்று மனது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. என் பிழைப்பு அப்படி. பேருந்தில் பக்கத்தில் இருக்கிறவர் பிஸ்கட் சாப்பிட்டால் கூட அதற்கு எது சேரும் என்று யோசிப்பேன்.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. ஊரில் எல்லாரும் வேலைக்குப் போகிற நாளில் விடுமுறை. கூப்பிட ஆள் கிடையாது, போகவும் இடம் கிடையாது. வழக்கமாகத் துணி துவைத்துவிட்டுத் தூங்குவேன். இந்தத் திங்கள் உன் மூன்று இனிப்பையும் இங்கேயே சின்ன அடுப்பில் செய்தேன். மேசைகளில் பெரிய மனிதர்கள் பாதியில் விட்டுப் போன புட்டிகளை மேனேஜரிடம் கேட்டுக் கொண்டுவந்திருந்தேன். கண்ணாடிகளும் ஹோட்டலுடையவை. கட்டிலில் பாதி புட்டி, பாதி நான்.

முதலில் இதைத் தலையில் ஏற்றிக்கொள். இனிப்பைவிட வைன் ஒரு படி இனிப்பாக இருக்க வேண்டும். சாக்லேட்டோடு புளிப்பும் துவர்ப்புமான சாதாரண சிவப்பு வைனைக் கொடுத்தால் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல் இருக்கும். இரண்டும் தனித்தனியே நல்லவைதான், சேர்த்தால் அடித்துக்கொள்ளும். உன் பார்க்காரர் அதைத்தான் கொடுப்பார், விடாதே.

நுரைக்கு, குமிழ் விடுகிற இனிப்புச் சிவப்பு. நன்றாகக் குளிர வைத்துக் கொடு. லேசுக்கு லேசு. கனமானதைக் கொடுத்தால் நுரை இருந்த இடம் தெரியாது. வாதுமைக் கேக்குக்கு, மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்து பழுப்பேறின போர்ட் என்கிற இனிப்பு வைன். அந்த வைனிலேயே வாதுமையும் கருக்கின சர்க்கரையும் வாசனை அடிக்கும். இரண்டு சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் கழித்துப் பார்த்துக்கொண்டது போல இருக்கும், விளக்கம் சொல்லும்போது இப்படியே சொல்.

டார்ட்தான் என்னைப் படுத்தியது. எல்லாரும் கனத்த போர்ட்டைக் கொடுப்பார்கள். கொடுத்துப் பார்த்தேன். உன் கசப்பு செத்துப் போகிறது. நீ அதைக் கஷ்டப்பட்டுத்தான் செய்திருக்கிறாய், கொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. கொடியிலேயே நன்றாகப் பழுக்க விட்டுத் தாமதமாகப் பறித்த திராட்சையில் செய்த சிவப்பு. இனிப்பு கொஞ்சம்தான், உன் டார்ட்டைவிட ஒரே ஒரு படி அதிகம். கசப்பு அப்படியே நிற்கிறது, வைன் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் சேர்த்த ஜோடிகளில் இதுதான் உசத்தி. சேர்ந்த கணத்தில், "அட!" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னது யார் காதில் விழ? அறையில் நான் ஒருத்திதான்.

விழுந்தது, வீட்டுக்காரம்மா காதில். கதவைத் தட்டினார்கள். கண்ணாடிகளைப் பார்த்தார்கள், நான் வைனைத் துப்பி வைத்த வாளியைப் பார்த்தார்கள்.

"கணக்கு எழுதுறவங்களுக்கு எதுக்கும்மா இத்தனை கிளாஸ்?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது உன் கடிதத்தில் எழுதியிருந்தது நினைவு வந்தது, நானும் பொய்தான் சொன்னேன் என்று. சரி, இவன் சொல்லிக்காட்ட ஒன்று குறையட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் வைன் ஊற்றுற வேலை பாக்குறேம்மா. கணக்கு எல்லாம் இல்ல."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வாதுமைக் கேக்கில் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டார்கள். இன்னொரு துண்டு. "காலி பண்ணச் சொல்லணும்னுதான் தோணுது. கேக் நல்லா இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விட்டார்கள்.

இவ்வளவும் செய்ததற்குக் கூலி கேட்கிறேன். அந்தப் பெண்ணிடம் சொல். அவள் அப்பாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சிரிக்கத் தெரிந்தவள் என்கிறாய், அவளுக்குப் புரியும். கல்யாணத்தில் உன் பக்கத்து ஆளாக எனக்கு ஒரு நாற்காலி போடு.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

நீ எழுதியதை முதலாளியம்மாவிடம் படித்துக் காட்டினேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை. ஒரு புத்தகத்தில் பார்த்தேன் என்றேன். அசந்துவிட்டார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிறது என்ற இடத்தில் கை தட்டினார்கள். மூன்று வைனையும் வரவழைத்தாகிவிட்டது. விருந்து வருகிற சனிக்கிழமை சாயங்காலம். டார்ட்டை மட்டும் ருசி பார்த்துவிட்டுக் கொஞ்சம் மாற்றச் சொன்னார்கள். சின்ன மாற்றம்தான், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்குக் குளிர் அறை மெஷின் கெட்டு, சாக்லேட் எல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. எல்லாவற்றையும் உருக்கி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்த நேரத்தில் உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. தெம்பாக இருந்தது அக்கா, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நீ கேட்டதைப் பற்றி. சொல்கிறேன். கட்டாயம் சொல்கிறேன். விருந்து முடியட்டும். வேலை உறுதியாகட்டும். கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டால் அப்புறம் யார் என்ன செய்ய முடியும்? நிதானமாக ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு நீ வர வேண்டும். ஆகஸ்ட் பன்னிரண்டு. நீ இல்லாமல் எப்படி? ஹோட்டல் ஆட்களுக்கென்று பின்னால் தனி வரிசை போடுகிறார்கள். அவர்களோடு வந்து உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் வேலை இடத்துப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய் இல்லையே.

விருந்துக்கு மட்டும் வந்துவிடாதே. அவளும் அவள் அப்பாவும் வருகிறார்கள்.

தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

என்னை மேடம் என்று கூப்பிட்டாய்.

வராதே என்றாய், வந்தேன். வேறு யாரைப் போலவும் பணம் கட்டி, பெயர் கொடுத்து, இடம் பிடித்து வந்தேன். விடுமுறையை மாற்றிக்கொண்டு மத்தியானப் பேருந்தில் ஏறினேன். உன்னைச் சந்தி சிரிக்க வைக்க வரவில்லை. நான் சேர்த்த ஜோடியை நீ செய்த கையால் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்க ஆசை. நான் செய்தது நகல்தானே?

தனியாக வருகிறவர்களுக்குத் தூண் பக்கத்தில்தான் மேசை போடுவார்கள். போட்டுவிட்டு எதிர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எத்தனையோ பேருக்கு நானே எடுத்திருக்கிறேன். எனக்கு எடுத்தபோது, "அது இருக்கட்டுமே" என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நாற்காலியை எடுத்த பெண் யோசித்திருப்பாள், யாருக்காக என்று.

நுரை நன்றாக இருந்தது. வாதுமைக் கேக் என்னுடையதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. உன் கை உன் கைதான். அதை உன்னிடம் சொல்ல ஆசைப்பட்டேன்.

அப்புறம் டார்ட் வந்தது. அடியில் வெள்ளைச் சாக்லேட், மேலே சர்க்கரைப் பாகு வழிய வழிய. ஒரு வாய் வைத்தேன். கசப்பு எங்கேயோ அடியில் முனகிக்கொண்டிருந்தது. வைனைக் குடித்தேன். காடி. என் உசத்தி ஜோடி, வாயில் காடியாக நின்றது. ஏனென்றால் இப்போது உன் இனிப்பு வைனைவிடப் பத்துப் படி மேலே போய்விட்டது. சின்ன மாற்றம் என்றாய். ஒரு வரி எழுதியிருந்தால் வேறு சொல்லியிருப்பேன். நீ ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நீ செய்த இனிப்பைக் கண்ணால் பார்க்காமல் நான் சொன்னேன், நாக்கில் வைக்காத வைனை நீ கொடுத்தாய். நம் இரண்டு பேரையும் தவிர இப்படி ஒரு கூத்தை யார் செய்வார்கள்?

நீ நடுவில் நின்று, "கசப்பு அப்படியே நிற்கும், வைன் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கும்" என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கண்ணாடியைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மேசை மேசையாக வந்தாய். தூணைத் தாண்டியதும் என்னைப் பார்த்தாய். உன் காது சிவந்தது. சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது உனக்குக் காதுதான் முதலில் சிவக்கும். ஒரு வாய் மட்டும் குறைந்த என் கண்ணாடியைப் பார்த்தாய். முதலாளியம்மா உன் பக்கத்தில் நின்றார்கள்.

"மேடம், வைன் உங்களுக்குப் பிடிக்கலையா?"

"கொஞ்சம் புளிக்குது" என்றேன்.

"பழக்கம் இல்லாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும் மேடம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாய்.

பழக்கம் இல்லாதவள்!

உன் மாமனாரையும் பார்த்தேன். முன்வரிசை. மூன்று கண்ணாடியையும் காலி செய்துவிட்டுப் போர்ட்டை மட்டும் இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டதற்கு, "இதுல என்ன இருக்கு, இது ஸ்வீட்டோட வர்றதுதானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதருக்குப் பயந்துதான் நீ என்னை ஒழித்துக்கட்டினாய். அவருக்கு ஊற்றிய பெண் யார் என்று கவனித்தாயா? ஒல்லியாக இருந்தாள், புட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினாள். அவளை அவர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

இப்போது எழுதப்போவதை உட்கார்ந்து படி.

உனக்கு நிச்சயமான பெண் என் மேசைக்கு வந்தாள். டெட்டால் வாசனை அடித்தது, அதனால்தான் யாரென்று தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தனியா வந்திருக்கீங்களா? நான் கொஞ்ச நேரம் உக்காரட்டுமா? அங்க அப்பா ஒரே லெக்சர்."

உட்கார் என்றேன். உன்னைக் காட்டினாள். "அவர்தான் எல்லாம் செஞ்சது. எனக்குப் பாத்திருக்கிறவர். நல்லா இருந்துச்சா?"

"கேக் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அவர்கிட்ட சொல்லு."

"சொல்றேன். பாராட்டினா அப்படியே நெகிழ்ந்துபோயிடுவாரு. அவருக்கு யாருமே இல்லைங்க, பாவம். வீட்டு ஆளுங்க பேச்சு வந்தாலே பேச்சை மாத்திடுவாரு. நானும் கேக்கிறதில்ல. ரொம்ப வலிச்சிருக்கும்போல."

தம்பி, என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு சொல், நான்தான் என்று. அவள் கை மேசைமேல் எனக்குப் பக்கத்தில் இருந்தது. சொல்லியிருந்தால் உன் கல்யாணம் அந்தத் தூண் பக்கத்திலேயே நின்றுபோயிருக்கும். அல்லது நிற்காமலும் போயிருக்கும், அவளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. முழுங்கிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. வழியில் போகிற மேடம் சொல்லக் கூடாது.

போகும்போது, "நீங்க யாரு, எங்க இருந்து வர்றீங்கன்னு கேக்கவே இல்ல பாருங்க" என்றாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரம்மா யோசித்து முடித்துவிட்டார்கள். மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டுமாம். "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, நாலு பேரு கேப்பாங்க" என்றார்கள். அந்த நாலு பேரை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும். உன் வீட்டு வழியாகத்தான் போவார்கள்போல் இருக்கிறது.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேலை உனக்குக் கிடைத்துவிட்டது என்று ஐஸ்பெட்டி சொன்னார். இனி உன்னை யாரும் எதுவும் செய்ய முடியாது. அவளிடம் சொல். சொல்லிவிட்டேன் என்று இம்மாதத்துக்குள் எழுது. அதற்குப் பிறகு இந்த விலாசத்தில் நான் இருக்க மாட்டேன்.

ஹோட்டல் ஆட்கள் வரிசையில் எனக்கு இடம் போட வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பழைய வீட்டுக்கு நாலு தடவை போய்க் கேட்டுவிட்டேன். இஸ்திரி போடுகிறவர் இப்போது என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறார்.

கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரியும். மூன்றடுக்கு சாக்லேட் கேக் நீயே செய்தாயாம். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாளாம். எனக்கு அந்த நாள் வேலை இருந்தது. எங்கள் ஹோட்டலிலும் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அக்காவுக்கு நான்தான் ஊற்றினேன். பேசிக்கொண்டே கண்ணாடியை நீட்டினாள். அவள் பேசி முடிக்கும்வரை புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புது அறை மாடியில். காற்று வருகிறது. இந்தத் தடவை முதலிலேயே வேலையைச் சொல்லித்தான் கேட்டேன். அதனால் அறை சின்னது, வாடகை கூட. விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன், யார் அனுப்புவது என்றும் எழுதியிருக்கிறேன். கொட்டை எழுத்தில்தான்.

உன்மேல் அவளுக்கு இரக்கம் இருக்கிறது, நீ யாரும் இல்லாதவன் என்று. ஆயுசு முழுக்க அந்த இரக்கத்தைச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு பெண்ணோடு எப்படிக் குடும்பம் நடத்துவாய்? நான் உன் வீட்டுக்கு வர மாட்டேன். எனக்குத் தட்டு வைக்க வேண்டாம், நாற்காலி போட வேண்டாம். அடுத்த விருந்துக்கு வைன் வேண்டுமென்றாலும் கேள், சொல்கிறேன். ஆனால் அவளை இன்று உட்கார வை. எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள், வைன் ஊற்றுகிறாள், அன்றைக்குத் தூண் பக்கத்தில் நீ அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தாய் என்று சொல்.

சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அக்கா